ஏழு மாசமா மழையில நிக்கான்

ஜன்னலோரம் நீயே உக்காரு தாயி, எனக்குக் காத்து ஒத்துக்காது. இந்தக் கண்ணாடிப் பையை மடியில வச்சுக்கோ, கீழ வச்சா மிதிச்சிருவானுக. என்ன பையோ, உள்ள இருக்கிற பேனா முதக்கொண்டு வெளிய தெரியுது. பஸ்ல பாதிப் பொண்ணுக இதையே வச்சிருக்குதுக. தாராபுரத்துல புது மோஸ்தர் போல.

திண்டுக்கல்லா? நல்லதாப் போச்சு. நான் மதுரை போயி அங்கன இருந்து கோவில்பட்டிக்கு மாறணும். இந்தா, கடலைமிட்டாய் எடுத்துக்கோ. எங்க ஊருது. கூச்சப்படாத, போன வீட்டுல குடுத்தது போக மிச்சம் கிடக்கு. கடிச்சுத் தின்னு, சப்பாத.

நான் எதுக்கு இந்த ஊருக்கு வந்தேன்னு நீ கேக்க மாட்ட. படிச்ச பிள்ளை. நானே சொல்லுதேன். ஒரு பையனைக் காப்பாத்த வந்தேன். பேரு ருத்ரசேனன். இடுப்பு வரைக்கும் கரைஞ்சுட்டான்.

ஏ, பதறாத! சொந்தக்காரன் இல்ல. கதையில வாறவன்.

எம் பேரு செண்பகவல்லி. எங்க தெருவுல கேட்டா, 'தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி பொண்டாட்டியா'ம்பாக. ஆனா நெட்டுல 'செண்பகம் கோவில்பட்டி'ன்னு போட்டுப் பாரு. காதல் கதை எழுதுற பிள்ளைக, மாயமந்திரக் கதை எழுதுற பிள்ளைக, அத்தனை பேருக்கும் என்னையத் தெரியும். எந்தக் கதையா இருந்தாலும் கீழ முதக் கருத்து என்னுதுதான். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனை எடுத்தேன்னா அஞ்சு மணி வரைக்கும் நான் இந்த உலகத்துலயே இல்ல. ஒரே நேரத்துல எட்டுக் கதை ஓடும். ஒண்ணுல நாகலோகம், ஒண்ணுல முன்ஜென்மம், ஒண்ணுல கோயம்புத்தூர் மில் முதலாளி. சமயத்துல குழம்பிரும். மில் முதலாளி எப்படா பாம்பா மாறுவான்னு நாலு நாள் காத்திருந்தேன், அப்புறம்தான் அது வேற கதைன்னு தெரிஞ்சுது.

வாசிச்சு வாசிச்சு எனக்கு ஒரு கணக்குப் புரிஞ்சு போச்சு தாயி. ஹீரோன்னா பத்து அத்தியாயம் வரைக்கும் சிரிக்கக் கூடாது. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருக்கணும். எவன் முத அத்தியாயத்துலயே சிரிச்சுக்கிட்டு, 'சாப்பிட்டியா?'ன்னு கேக்கானோ, அவன் பாவம், கடைசியில அவளை அடுத்தவன் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போறவன். மனுஷாளைப் பாத்த உடனே நான் சொல்லிருவேன், இவுக மனசுல என்ன இருக்குன்னு. என்கிட்ட யாரும் ஒண்ணையும் மறைக்க முடியாது.

இந்த ருத்ரசேனன் கதைக்குப் பேரு 'உப்பு வனத்து இளவரசன்'. எழுதுறவ 'வெண்தாழை'ன்னு பேரு வச்சுக்கிட்டா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு இளவரசன் இருந்தான், ஒரு முனிவருக்கு உப்பில்லாம சோறு போட்டுட்டான். கவனக்குறைவுதான், வேணும்னு செய்யல. ஆனா முனிவருக்குக் கோவம் வந்துட்டு. 'நீ உப்பாவே போ'ன்னு சாபம் விட்டுட்டாரு. இப்ப தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்கா நம்ம இதழினி. ஒரு நாள் உப்பு வாரும்போது குவியலுக்குள்ள இருந்து ஒரு கை வருது. எனக்கு இப்பச் சொல்லையிலயும் புல்லரிக்கு பாரு. வெயில்ல நின்னா அவன் மனுஷன். ஒரு பொட்டுத் தண்ணி பட்டா கரைஞ்சிருவான். அவன் அழக் கூடாது தாயி. அழுதா கன்னத்துல கோடு விழுந்துரும். அப்படியாக்கொத்த பையன்.

அறுபத்தோராவது அத்தியாயம். இதழினிக்கு வேற ஒருத்தன் கூடக் கல்யாணம்னு கேள்விப்பட்டு இவன் உப்பளத்து வரப்பு மேல ஓடி வாரான். மேகம் திரளுது. அவ எதுக்க ஓடி வாரா. மழை கொட்டுது. கணுக்கால் கரையுது, முழங்கால் கரையுது, அவ அவனைக் கட்டிப் பிடிக்கா, இடுப்பு வரைக்கும் கரையுது. 'தொடரும்'.

அது ஐப்பசி மாசம் தாயி. இப்ப வைகாசி! ஏழு மாசமா அந்தப் பய மழையில நிக்கான்!

வாரத்துக்கு ரெண்டு அத்தியாயம் போடணும். யூடின்னு சொல்லுவோம். வரலைன்னா வாசிக்கிறவுக எல்லாம் கீழ போயி, 'யூடி எப்ப சிஸ்?'னு கேப்போம். நான் தினமும் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன், ஏசிக் கேட்டேன், அழுகிற பொம்மை நாப்பது போட்டுக் கேட்டேன். ஒரே ஒரு தடவை, 'குடும்பச் சூழ்நிலை, மன்னிக்கவும்'னு ஒத்தை வரி. அவ்வளவுதான்.

சிரிக்காத. எங்க ஊரு அம்மன் கோயிலுக்குப் போயி அவன் பேருக்கு அர்ச்சனை பண்ணுனேன். ஐயர், நட்சத்திரம் என்னன்னாரு. பூரம்னேன். பதினாலாவது அத்தியாயத்துல வரும். 'மகனா?'ன்னாரு. 'தெரிஞ்ச பையன், உடம்புக்கு முடியல'ன்னேன். பொய் இல்லையே?

சோறு இறங்கல எனக்கு. எங்க வீட்டுக்காரர் இதுக்கெல்லாம் ஆக மாட்டாரு. 'அவன்தான் இல்லவே இல்லையே, அப்புறம் எப்படிக் கரைவான்?'ங்காரு. முப்பத்திரெண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்த மனுஷன் தாயி, ஒரு அடுப்பைப் பத்த வைக்கத் தெரியாது. அவருகிட்டப் போயி என்னத்தைப் பேச? மகன் லாரியில போனா இருவது நாளு கழிச்சுத்தான் வருவான். வீட்டுல என்னையப் புரிஞ்சுக்கிட்டது எம் மருமக ஒருத்திதான்.

ஆவுடைத்தாய்னு பேரு. ஆவுடை, ஆவுடைன்னுதான் கூப்பிடுவோம். தங்கமான பிள்ளை. நான் ரெண்டு மணிக்குப் போனை எடுத்தா, பேரனைச் சத்தம் போடாம உள்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருவா. மூணு வயசுப் பய, சும்மாவா இருப்பான்? எப்படித்தான் வச்சிருப்பாளோ, ஒரு சத்தம் வெளிய வராது. மூணு மணிக்கு டீ என் பக்கத்துல வந்து இருக்கும். வச்சது கூடத் தெரியாது எனக்கு. சாயங்காலம் அவ கூட்டிப் பெருக்கையில நான் பின்னாடியே போயி அன்னைக்கு வாசிச்ச கதையைச் சொல்லுவேன். 'அப்புறம் அத்தை? அப்புறம்?'னு கேப்பா. அவளுக்கும் ருத்ரசேனன்னா உசுரு.

ஒரே ஒரு வருத்தம் வந்துச்சு எங்களுக்குள்ள. பெருசா ஒண்ணுமில்ல. அரசாங்க வேலைக்கு ஏதோ பரிச்சையாம், குரூப் நாலாம். எழுதணும்னா. பி.எஸ்ஸி. கணக்குப் படிச்சவ. தைப் பொங்கலப்ப ஒரு தடவை கேட்டா, மாசில ஒரு தடவை கேட்டா, சித்திரையில ஒரு தடவை கேட்டா. நான் கோவப்படல தாயி, நியாயத்தைத்தான் கேட்டேன். 'நீ வேலைக்குப் போயிட்டா ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் பையனை யாரு பாப்பா?'ன்னேன். 'சரித்தை'ன்னுட்டுப் புத்தகத்தை எல்லாம் எடுத்து அரிசி டின் மேல வச்சுட்டா. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. அதான் சொன்னேனே, தங்கம். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. காலையில வெள்ளன எந்திரிச்சு அரிசி டின் பக்கம்தான் நிப்பா. அரிசி பொடைக்கா போலன்னு நினைச்சுக்குவேன்.

இதுக்குப் பத்து நாள் கழிச்சு, போன செவ்வாய்க்கிழமை, கையில ஒரு பழைய கூரியர் கவரோட வாரா. என்னன்னு பாத்தா, ரெண்டு வருஷத்துக்கு முந்தி வெண்தாழை எனக்கு அனுப்புன கவர்! 'சிறந்த கருத்து'ன்னு ஒரு போட்டி வச்சா, நான் ஜெயிச்சேன், ஒரு மணிபர்ஸ் வந்துச்சு. கவரை எங்க போட்டேனோ தெரியாது. இவ எங்கெல்லாமோ தேடி, பரணை எல்லாம் இறக்கி எடுத்திருக்கா. அதுல அனுப்புனவ விலாசம் இருக்கு. கோகிலவாணி, தாராபுரம், தெரு, கதவு எண்ணு, எல்லாம்.

'நீங்க சாப்பிடவே மாட்டேங்கீக அத்தை, எனக்குப் பாக்கக் கஷ்டமா இருக்கு. நேர்ல போயிக் கேட்டுட்டு வந்துருங்களேன்'ங்கா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எந்த மருமக சொல்லுவா இப்படி? மறுநாளே கிளப்பி விட்டுட்டா. பையைத் தூக்குனா கனக்கு. திறந்து பாத்தா நாலு சேலை! 'எதுக்குட்டி நாலு சேலை? கேட்டுட்டு அடுத்த பஸ்ல வாரதுதான?'ன்னேன். 'எழுத நாளாகும்லா அத்தை. அரைகுறையா விட்டுட்டு வந்துராதீக. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்து கையோட முடிச்சுட்டே வாங்க'ங்கா. எம் மேல உள்ள பாசத்தைப் பாத்தியா? என்னத்தை யோசிக்கா, எவ்வளவு தூரம் யோசிக்கா!

சரி, இங்க வந்தேனா. நான் என்ன நினைச்சேன், வெண்தாழைன்னா ஒரு மாடி வீடு, ஊஞ்சல், மேசை, பூச்சாடி, ஜன்னல் வழியா வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்னு நினைச்சேன். கதவைத் தட்டுனா, நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோட ஒரு பிள்ளை வந்து நிக்கு. 'வெண்தாழையைப் பாக்கணும்'னேன். அவ்வளவுதான், நுரைக் கையோட என் வாயைப் பொத்திட்டா தாயி! 'மெதுவாப் பேசுங்கம்மா, எங்கத்தைக்குத் தெரியாதுங்க!'ங்கா.

நான் யாருன்னு சொன்னேன். 'செண்பகம் கோவில்பட்டியா? நாப்பது அழுகுற பொம்மை போடுவீங்களே, அவங்களா?'ன்னு அவளே அழுதுட்டா.

நிலவரம் என்னன்னா, அவ மாமியா பொன்னாத்தா மாட்டுத் தொழுவத்துல வழுக்கி விழுந்து தொடை எலும்பு போச்சு. கம்பி வச்சிருக்கு. ஏழு மாசமாக் கட்டில்தான். ரெண்டு பிள்ளைக, ரெண்டு மாடு, புருஷன் டெம்போ ஓட்டுறவரு, வெள்ளன போனா இருட்டித்தான் வருவாரு. கட்டில் கால்ல ஒரு மாட்டு மணியைக் கட்டி வச்சிருக்கு அந்தப் பொம்பளை. தண்ணி வேணும்னா மணி. விசிறி வேணும்னா மணி. சும்மா இருந்தாலும் மணி. 'போனைத் தொட்டா மணி அடிக்குதுங்கம்மா. நாலு வரி எழுதறதுக்குள்ள ஏழு மாசம் போயிருச்சுங்க'ங்கா.

நான் சேலையை எடுத்துச் சொருகுனேன். 'நீ போயி உக்காரு. இந்த வீட்டு வேலை இன்னையில இருந்து என்னுது. நீ அவனை மழையில இருந்து எடு'ன்னேன். மாமியாகிட்ட என்னைய, 'அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட அக்கா'ன்னு சொல்லி வச்சா. அந்தப் பொம்பளை நம்பல. 'கோயில்பட்டீல உனக்கு ஆரு இருக்கறா? கல்யாணத்துக்குக் கூட வல்லியே?'ங்குது. 'அன்னைக்குக் காய்ச்சல்'னேன்.

சமைச்சேன், பாத்திரம் கழுவுனேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். எங்க வீட்டுல இதெல்லாம் செஞ்சு நாலு வருஷம் ஆச்சு தாயி, ஆவுடை வந்ததுல இருந்து விடவே மாட்டா. இடுப்பு விட்டுப் போச்சு. ஆனாலும் அந்த மணியை என்ன செய்ய? மணி அடிச்சா மருமகதான் வரணும்னு அடம். அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. வியாழக்கிழமை காலையில ஒரு முறம் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கிட்டுக் கட்டில் பக்கத்துல உக்காந்து, முத அத்தியாயத்துல இருந்து சத்தமா வாசிக்க ஆரம்பிச்சேன். 'இதென்ன கருமம்?'ன்னுச்சு. நான் பாட்டுக்கு வாசிச்சேன். அஞ்சாவது அத்தியாயத்துல, 'அந்தப் பையன் மூஞ்சியை எதுக்குத் தூக்கி வச்சிருக்கறான்?'ன்னுச்சு. பத்துல, 'சிரிச்சுப்போட்டான்!'னு தானே சிரிச்சுது. இருவதுக்கு மேல மணி அடிக்கல. கஞ்சி குடிக்க மறந்து போச்சு.

வெள்ளிக்கிழமை பொழுது சாயையில அறுபத்தொண்ணு முடிஞ்சுது. 'அப்பறம்?'னுச்சு.

'அப்புறம் இல்ல.'

'இல்லைன்னா?'

'எழுதுறவ ஏழு மாசமா எழுதல.'

'ஆரு அவ? கையை ஒடிக்கோணும்!'

'கை நல்லாத்தான் இருக்கு. அதுல உங்க வீட்டுப் பாத்திரம்தான் இருக்கு'ன்னேன்.

பொன்னாத்தாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்ச உடனே மூஞ்சி கறுத்துட்டு. 'எனக்குத் தெரியாம இத்தனை நாளா...'ன்னு ஆரம்பிச்சுது. நான் விடல தாயி. என்ன பேசுனேன்னு கேளு. 'மருமகளும் ஒரு மனுஷிதான? அவ மனசுல ஒண்ணு இருக்காதா? நாம காலை நீட்டி உக்கார்றதுக்காக ஒருத்தி தன்னோட படிப்பையும் திறமையையும் பரண் மேல போட்டு வைக்கணுமா? அவ சரி சரின்னு சொன்னா, அவளுக்கு ஆசையே இல்லைன்னு ஆயிருமா? சொல்லுங்க'ன்னேன். நானே பேசி நானே அசந்து போயிட்டேன். அந்தப் பொம்பளை என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு, 'உங்க ஊட்டு மருமக என்ன பண்றா?'ன்னு கேட்டுச்சு. 'அவளுக்கென்ன, ராணி மாதிரி வீட்டுலதான் இருக்கா'ன்னேன்.

ஏன் தாயி இருமுற? மிட்டாய் தொண்டையில மாட்டிக்கிச்சா? இந்தா, தண்ணி குடி.

அப்புறம் பொன்னாத்தா மணி அடிச்சுது. கோகிலா ஓடி வந்தா. 'அந்தப் பையனை எதுக்குடி மழையில நிறுத்தி வச்சிருக்கற?'ன்னுச்சு. கோகிலா என்னையப் பாக்கா, அதைப் பாக்கா, ஓன்னு அழுதுட்டா. 'நேரம் மட்டும் இல்லீங்கத்தை. அவனைக் காப்பாத்த வழியே தெரியலீங்க. ரெண்டு நாளா உக்காந்து பாத்துட்டேன். அவன் கரையறான், என்னால தடுக்க முடியலீங்க'ங்கா.

இவ்வளவு தூரம் வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, கடைசியில எழுதுறவளுக்கே தெரியாதுங்கா! நான் சொல்லிப் பாத்தேன். குடை கொண்டு வந்தா? முனிவர் மனசு மாறுனா? இது முன்ஜென்மம்னு சொல்லிட்டா? ஒண்ணும் சரிப்படல. இடுப்பு வரைக்கும் போனவனுக்குக் குடை எதுக்கு?

பொன்னாத்தா மேல பாத்துக்கிட்டுக் கிடந்துச்சு. அப்புறம் சொல்லுது, 'கரைஞ்சா கரையட்டுமே. உப்பு கரைஞ்சு எங்க போகுது? தண்ணிக்குள்ளதான கெடக்குது? தண்ணி வத்துனா மறுக்கா உப்புதான?'

அவ்வளவுதான். கோகிலா எந்திரிச்சவ எந்திரிச்சவதான். வெள்ளி ராத்திரி, சனி பூராவும், இன்னைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் எழுதுனா. பொன்னாத்தா அந்த மணியைக் கட்டில் கால்ல இருந்து அவுக்கச் சொல்லி, வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கே கட்டச் சொல்லிருச்சு. பத்து மணிக்கு எங்க ரெண்டு பேரையும் வச்சு வாசிச்சுக் காட்டுனா. ருத்ரசேனன் முழுசாக் கரைஞ்சுருதான். இதழினி அழல. மழையில மண்ணை வாரி வாரி, அவன் கரைஞ்ச இடத்தைச் சுத்திப் பாத்தி கட்டுதா. ஒரு சொட்டுத் தண்ணியை வெளிய விடல. கார்த்திகை போகுது, மார்கழி போகுது, எல்லாரும் அவளைக் கோட்டிக்காரி, பைத்தியம்ங்காக. அவ காவல் இருக்கா. பங்குனி வெயில் வருது. தண்ணி வத்த வத்த, முதல்ல விரல் தெரியுது...

மூணு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதோம் தாயி. பொன்னாத்தாவைக் குனிஞ்சு கட்டிக்கிட வேண்டியிருந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நெட்டுல வருது. ஊருலகத்துக்குத் தெரியிறதுக்கு முந்தி உனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆவுடைகிட்ட இன்னும் சொல்லல. நேர்ல போயிச் சொல்லணும்னு அடக்கி வச்சிருக்கேன். நாலு நாளா நான் போன் போட்டா, 'அவசரப்படாதீக அத்தை, இருந்தே வாங்க'ன்னுதான் சொல்லுதா. பாவம், தனியாப் பிள்ளையோட...

என்ன தாயி? இவ்வளவு நேரம் உம் கொட்டிக்கிட்டே வந்த, இப்ப என்ன கேக்க? எம் மருமக பரிச்சையா? அது எப்பன்னு யாரு கண்டா. நான்தான் வேண்டாம்னுட்டேனே.

என்னது? இன்னைக்கா?

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை... குரூப் நாலு... இன்னைக்குக் காலையிலயா? ஊரு பூராவுமா? அப்ப நீ? இந்தக் கண்ணாடிப் பை... இது பரிச்சைக்குக் கொண்டு போறதா? அந்தப் பிள்ளை வச்சிருக்கது? அங்க பின்னாடி நிக்கிற பிள்ளை?

இரு. இரு தாயி. பேசாத.

நாலு சேலை.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

அரிசி டின்! வெள்ளன எந்திரிச்சு அரிசி பொடைச்சாளாம். எங்க வீட்டுல ரேஷன் அரிசியே கிடையாது, பொடைக்க என்ன இருக்கு? அடிப்பாவி! அடி ஆவுடை! கவரைத் தேடி எடுத்து, கரிசனமாப் பேசி, பையைக் கட்டி, பஸ் ஏத்தி... என்னைய ஊரை விட்டே கடத்திருக்கா தாயி! மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன்னேனே. பக்கத்துலயே மூணு மணிக்கு டீ வைக்க வந்த மூஞ்சியை நான் பாக்கவே இல்லையே. போனைத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்.

கோவம் வருது. வரத்தான் செய்யும். வலிக்கவும் செய்யுது, சொன்னா என்ன. என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?

கேட்டா.

மூணு தடவை கேட்டா. பொங்கலப்ப, மாசில, சித்திரையில. இன்னொரு தடவை கேட்டிருந்தா விட்டிருப்பேனான்னு கேளு. விட்டிருக்க மாட்டேன் தாயி. எனக்கு என் ரெண்டு மணி வேணும். பொன்னாத்தாகிட்ட அவ்வளவு பேச்சுப் பேசுனேனே... உனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, என்ன? அதுக்குத்தான் இருமுன. நல்லா இருமுன.

இரு, போனைப் போடுதேன்.

...ஏ ஆவுடை. நான்தான். பஸ்ல வாரேன். அது கிடக்கட்டும். பரிச்சை எழுதிட்டியா?

...என்னட்டி மூக்கை உறிஞ்சுத? அழுதியா? அழாத. ஏசல. நான் ஏசுதேனா? எழுதிட்டியான்னுதான கேட்டேன்... ம்... ம்... பையன் எங்க இருந்தான்? யாரு? மாமாவா? மூணு மணி நேரம் பள்ளிக்கூட வாசல்ல தூக்கி வச்சுக்கிட்டு நின்னாரா? அவருக்கும் தெரியுமா இது? அது சரி. மத்தியானம் என்ன சாப்பிட்டீக? தக்காளிச் சோறா? யாரு பொங்குனா? ...யாரு?

கேட்டியா தாயி, எங்க வீட்டுக்காரர் தக்காளிச் சோறு பொங்கினாராம்! நான் கிளம்புன நாள்ல இருந்து அவருதானாம். இவ படிச்சாளாம்.

சரிட்டி, நல்லா எழுதினியா? கணக்கு எல்லாம் போட்டுட்டியா? ரிசல்ட் எப்ப? நாளைக்கா? ...மூணு மாசமா? மூணு மாசம் என்னட்டி செய்யுதது? இடையில ஒண்ணும் தெரியாதா? வாரத்துக்கு ஒரு தடவை கூடவா ஒண்ணும் போட மாட்டாக? இதென்னட்டி அநியாயம்!

என்ன? ருத்ரசேனனா? கரைஞ்சுட்டான். முழுசாக் கரைஞ்சுட்டான். மீதியை உன் ரிசல்ட் வார அன்னைக்குச் சொல்லுதேன். வை போனை.

கட் பண்ணிட்டேன். கிடக்கட்டும் மூணு மாசம். என்னைய நாலு சேலை கட்டி அனுப்புனால்ல?

பாரு, அதுக்குள்ள அடிக்கா. அடிக்கட்டும். நீ என்ன அப்படிப் பாக்க? எடுக்கவா? எடுக்க மாட்டேன். ஆறு மணிக்கு நெட்டுல வாசிச்சுக்கிடட்டும். எங்க வாசிப்பா, போனு என்கிட்டல்ல இருக்கு. அவ வச்சிருக்கது பொத்தான் போனு.

நின்னுட்டு. ...மறுபடியும் அடிக்கா. ஏழு மாசம் நிறுத்தி வச்சதுக்கு நான் தாராபுரம் வரைக்கும் சண்டை போட வந்தவ தாயி. அவளை நிக்க விட்டா நல்லாவா இருக்கும்?

...ஏ ஆவுடை, அழாத, கேளு. கரைஞ்சான், ஆனா அவன் போகல. முதல்ல இருந்து சொல்லுதேன், பெரிய கதை. உக்காந்துட்டியா? எதுக்கு எந்திரிக்க? டீ போடவா? நீ உக்காருட்டி. மாமாவைப் போடச் சொல்லு. அவருக்குத்தான் இப்ப அடுப்பு பத்த வைக்கத் தெரியுமே.